அத்தியாயம் 7: முகவரி பெயர்ப்பு நிரலைச் சரிபார்ப்பது எப்படி?

அண்ணா பல்கலைக்கழகத் தேர்வில் பேஜிங் பற்றி 13 மதிப்பெண் கேள்வி வரும். மெய்நிகர் முகவரியை இரண்டாக வெட்டி, பக்க அட்டவணையை நடுவில் வரைந்து, டி.எல்.பி. பெட்டியை ஓரத்தில் போட்டு, அணுகு நேரக் கணக்கையும் செய்து காட்டினால் மதிப்பெண் வந்துவிடும். காகுப்பத்தில் உள்ள விழுப்புரம் பல்கலைக்கழகப் பொறியியல் கல்லூரியிலோ மேல்பாக்கத்தில் உள்ள திண்டிவனம் கல்லூரியிலோ படிக்கும் எவரும் இந்தப் படத்தைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரைவார்கள். அவர்கள் கையிலேயே கர்னலின் பக்க அட்டவணையைத் தொடும் 40 வரி பேட்ச் ஒன்றைக் கொடுத்து, “இது சரியா, சேர்க்கலாமா?” என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் மாறிகளின் பெயரைப் பற்றியும் இடைவெளி விட்ட விதத்தைப் பற்றியும்தான் பதில் வரும்.

பாடப்புத்தகப் படத்தில் நேரம் என்ற ஒன்று கிடையாது. அட்டவணை அசையாமல் நிற்கிறது, முகவரி ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளிவருகிறது. கர்னல் நிரல் செய்வதோ, வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே அந்த அட்டவணையைத் திருத்துவது. அதனால் இந்த வகை நிரலைச் சரிபார்க்கிறவர் கேட்க வேண்டிய முதன்மையான கேள்வி ஒன்றுதான்: இந்தப் பதிவை மாற்றிய பிறகும், மாற்றம் தெரியாமல் பழையதையே நம்பிக்கொண்டிருப்பவர் யார்? மற்றதெல்லாம் அதற்கான தயாரிப்பு.

எதை வைத்துப் பழகுவது

லினக்ஸில் நேரடியாகக் குதிக்க வேண்டாம். அதன் நினைவகப் பகுதி மட்டுமே லட்சம் வரியைத் தாண்டும். அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்லூரிப் பாடத்துக்காக 2006இல் எழுதப்பட்ட எக்ஸ்.வி.6 என்ற சிறு கர்னலில் தொடங்குங்கள். 2019 முதல் அது ரிஸ்க்-ஃபைவ் செயலிக்கு மாறிவிட்டது. முகவரி பெயர்ப்பு முழுவதும் ‘விஎம்.சி’ என்ற ஒரே கோப்பில், சில நூறு வரிகளில் இருக்கிறது. கியூஎமு என்ற பாவனை எந்திரத்துக்குள் 128 எம்.பி. நினைவகத்தில் ஓடிவிடும். 2011 முதல் அரசு கொடுத்த இலவச மடிக்கணினி வீட்டில் மூலையில் கிடந்தால் அதுவே போதும். புது எந்திரம் வாங்கக் காசு செலவழிக்க வேண்டாம். அதில் லினக்ஸ் நிறுவத் தெரியாதவர்கள் விழுப்புரம் குனு லினக்ஸ் பயனர் குழுவினரைக் கேட்கலாம். கட்டற்ற மென்பொருளை இந்த மாவட்டத்து மாணவர்களிடம் கொண்டுபோய்ச் சேர்த்தவர்கள் அவர்கள்.

ரிஸ்க்-ஃபைவைப் பரிந்துரைக்க இன்னொரு காரணமும் உண்டு. ஐ.ஐ.டி. மெட்ராஸில் பேராசிரியர் காமகோடி தலைமையில் உருவான ‘சக்தி’ செயலிகள் இந்தக் கட்டளைத் தொகுப்பைப் பின்பற்றுபவை. அவற்றில் ‘சி’ வகுப்புச் செயலி லினக்ஸை ஓட்டும் அளவுக்கு முகவரி பெயர்ப்பு வசதி கொண்டது. 2018இல் இன்டெலின் 22 நானோமீட்டர் முறையில் அச்சாகி வந்த சக்தி சில்லில் லினக்ஸ் ஓடியது. ஆகவே இங்கே கற்பது பரீட்சைக்கு மட்டும் உதவும் அறிவாக நின்றுவிடாது.

ஒரு முகவரியைக் கையால் பெயர்த்துப் பாருங்கள்

நிரலைத் திறக்கும் முன் தாளும் பேனாவும் எடுங்கள். இதைச் செய்யாமல் ரிவ்யூவில் இறங்குகிறவர்கள், பாதி வழியில் எது முகவரி, எது பக்க எண் என்ற குழப்பத்தில் மாட்டிக்கொள்கிறார்கள்.

எக்ஸ்.வி.6 பயன்படுத்துவது எஸ்.வி.39 முறை. மெய்நிகர் முகவரியில் 39 பிட். கடைசி 12 பிட் பக்கத்துக்குள் இருக்கும் தூரம். அதற்கு முன்னால் மூன்று 9 பிட் துண்டுகள், மூன்று அடுக்கு அட்டவணைக்கு ஒவ்வொன்று. ஒரு பக்கம் 4096 பைட், ஓர் அட்டவணையில் 512 பதிவு, ஒரு பதிவு 8 பைட்.

முகவரி 305419896 என்று வைத்துக்கொள்வோம். 4096ஆல் வகுத்தால் ஈவு 74565, மீதி 1656. மீதிதான் பக்கத்துக்குள் தூரம். ஈவை 512ஆல் வகுத்தால் 145, மீதி 325. மறுபடி வகுத்தால் 0, மீதி 145. அதாவது மேல் அட்டவணையில் 0ஆவது பதிவு, நடு அட்டவணையில் 145, கீழ் அட்டவணையில் 325.

அந்த 325ஆவது பதிவில் 570233879 என்ற எண் இருக்கிறது என்போம். பதிவின் கடைசி 10 பிட் கொடிகள். எனவே 1024ஆல் வகுக்க வேண்டும். ஈவு 556869, மீதி 23. மீதியை உடைத்தால் 16, 4, 2, 1. இவை முறையே பயனர் அனுமதி, எழுத்து அனுமதி, வாசிப்பு அனுமதி, செல்லும் என்ற முத்திரை. 8 என்ற இயக்க அனுமதி இல்லை; ஆகவே இது தரவுப் பக்கம், நிரல் பக்கம் இல்லை. 556869ஐ 4096ஆல் பெருக்கி 1656ஐக் கூட்டினால் உண்மை முகவரி 2280937080. கியூஎமு எந்திரத்தில் நினைவகம் 2147483648இல் தொடங்கி, 128 எம்.பி. தள்ளி 2281701376இல் முடிகிறது. நம் விடை அதற்குள் வருகிறது. வராவிட்டால் எங்கோ தப்பு.

இதைக் கவனியுங்கள்: தூரம் 12 பிட், கொடிகள் 10 பிட். பதிவிலிருந்து முகவரி எடுக்கும்போது 10 இடம் வலப்பக்கம், பிறகு 12 இடம் இடப்பக்கம் நகர்த்த வேண்டும். இன்டெல் எந்திரத்தில் பழகியவர்கள் இங்கேதான் சறுக்குவார்கள். அங்கே கீழ் 12 பிட்டை மறைத்தாலே முகவரி கிடைத்துவிடும் (மேல் கோடியில் உள்ள கொடிகளையும் மறைக்க வேண்டும் என்பது வேறு). ஒரு கர்னலிலிருந்து இன்னொன்றுக்கு நிரலைப் பெயர்த்து எழுதிய பேட்ச் வந்தால் முதலில் இந்த நகர்த்தல்களைப் பாருங்கள்.

சின்ன உத்தி ஒன்று. எல்லோரும் ஹெக்ஸில் அச்சிட்டுப் பார்ப்பார்கள். ஹெக்ஸில் 9 பிட் துண்டு இலக்க எல்லையில் வெட்டுப்படாது. ஆக்டலில் அச்சிட்டால் அழகாக வெட்டுப்படும்: மேற்படி முகவரி 221 505 3170 (முன்னால் மேல் அடுக்கின் 0). மும்மூன்று இலக்கம் ஒவ்வோர் அடுக்கின் வரிசை எண், கடைசி நான்கு இலக்கம் தூரம். உண்மை முகவரியை ஆக்டலில் போட்டால் 2077505 3170. கடைசி நான்கு இலக்கம் மாறாமல் இருக்கிறதா என்று கண்ணால் பார்த்தே சொல்லிவிடலாம். இந்த வேலைக்கு ஆக்டலை விட்டுவிட்டு ஹெக்ஸைப் பிடித்துக்கொண்டிருப்பது வெறும் பழக்கதோஷம் என்பது என் கட்சி.

முதல் வாசிப்பு: அலகும் விளிம்பும்

இப்போது நிரல். எக்ஸ்.வி.6இல் ‘வாக்’ என்ற செயற்கூறு மூன்று அடுக்கையும் இறங்கிப் பதிவின் இடத்தைக் கண்டுபிடித்துத் தருகிறது. இதில் ஒரு வரி, பதிவிலிருந்து எடுத்த உண்மை முகவரியை அப்படியே பாயின்டராகப் பயன்படுத்துகிறது. கர்னல் தன் சொந்த நினைவகத்தை ஒன்றுக்கு ஒன்றாக வரைந்திருப்பதால்தான் இது ஓடுகிறது. மெய்நிகரும் உண்மையும் அங்கே ஒரே எண். லினக்ஸில் அப்படி இல்லை. உண்மை முகவரியைத் தனி மாற்றியின் வழியாகக் கர்னல் முகவரியாக்கிய பிறகே தொட முடியும். எக்ஸ்.வி.6இல் இரண்டுக்கும் ஒரே 64 பிட் முழுஎண் வகை என்பதால் கம்பைலர் வாயே திறக்காது. ஆகவே ஒவ்வொரு மாறிக்கும் ஓரத்தில் பென்சிலால் குறியுங்கள்: மெய்நிகரா, உண்மையா, பக்க எண்ணா, பைட்டா. லினக்ஸ் பதிவுகளைத் தனித்தனி ஸ்ட்ரக்ட் வகைக்குள் பொதிந்து வைத்திருப்பது இந்தக் குழப்பத்தைக் கம்பைலரே பிடிக்கட்டும் என்பதற்காகத்தான்.

அதே செயற்கூறில் மேல் இரண்டு அடுக்கில் கிடைக்கும் செல்லும் பதிவு, அடுத்த அட்டவணையைத்தான் காட்டும் என்று எடுத்துக்கொள்கிறார்கள். ரிஸ்க்-ஃபைவ் விதிப்படி மேல் அடுக்குப் பதிவில் வாசிப்பு, எழுத்து, இயக்க அனுமதிகளில் ஒன்று இருந்தாலும் அது 2 எம்.பி. அல்லது 1 ஜி.பி. பெரும்பக்கம். யாராவது பெரும்பக்க வசதி சேர்க்கும் பேட்ச் அனுப்பி, ‘வாக்’கைத் தொடாமல் விட்டிருந்தால், பயனரின் தரவை அட்டவணை என்று நினைத்துக் கர்னல் படிக்கும். பேட்சில் இருக்கும் வரிகளில் இந்தப் பிழை தெரியாது. பேட்ச் தொடாமல் விட்ட வரியில் இருக்கிறது. பேட்சை மட்டும் படித்துவிட்டுத் தலையாட்டக் கூடாது என்று சொல்வது இதனால்தான்.

விளிம்புக்கு வருவோம். ‘மேப்பேஜஸ்’ ஒரு நீளத்துக்குப் பக்கங்களை வரைகிறது. அதன் பழைய வடிவம் தொடக்க முகவரியைப் பக்க எல்லைக்குக் கீழே இறக்கும். உண்மை முகவரியை இறக்காது. எல்லையில் இல்லாத முகவரி கொடுத்தால் இரண்டும் ஒன்றுக்கொன்று நகர்ந்துபோகும். இப்போதைய வடிவம், எல்லையில் இல்லாத முகவரியோ நீளமோ வந்தால் அங்கேயே நின்று கூச்சல் போடுகிறது. நல்ல மாற்றம். கர்னலில் மௌனமாகத் திருத்திக்கொள்ளும் நிரலைவிடக் கூச்சல் போடும் நிரல் எவ்வளவோ மேல்.

அந்தச் சுற்று முடியும் நிபந்தனையையும் பாருங்கள். ‘முடிவைவிடச் சிறியதாக இருக்கும்வரை’ என்று எழுதாமல், ‘கடைசிப் பக்கத்துக்குச் சமமானதும் நிறுத்து’ என்று இருக்கும். முகவரி வெளியின் உச்சிப் பக்கத்தை வரையும்போது, முடிவு முகவரி எண் வரம்பைத் தாண்டிச் சுழன்று பூஜ்யமாகிவிடலாம். அப்போது ‘சிறியதாக’ என்ற சோதனை முதல் சுற்றிலேயே பொய்யாகிவிடும். யாராவது இதைச் ‘சுத்தப்படுத்தி’ வழக்கமான சுற்றாக்கி அனுப்பினால் திருப்பி அனுப்புங்கள். நிரல் கோப்பை நினைவகத்தில் ஏற்றும் ‘எக்ஸிக்’ பகுதியிலும், தொடக்கமும் நீளமும் கூடியது தொடக்கத்தைவிடச் சிறியதா என்று ஒரு சோதனை உண்டு. பார்க்க அபத்தமாகத் தோன்றும் அந்த வரிதான், வேண்டுமென்றே பெரிய எண்ணைக் கொடுத்துச் சுழலவிடுகிற நிரலை வாசலிலேயே நிறுத்துகிறது.

இரண்டாம் வாசிப்பு: யார் சார்பில் எழுதுகிறோம்

அனுமதிக் கொடிகளை வன்பொருள் பார்த்துக்கொள்ளும் என்ற நினைப்பு பயனர் நிரலுக்குச் சரி. கர்னல், பயனரின் பக்கத்தில் தன் கையால் எழுதும்போது கதை வேறு.

எக்ஸ்.வி.6இன் ‘காப்பிஅவுட்’ அதற்கு நல்ல உதாரணம். கோப்பிலிருந்து படித்ததைப் பயனர் சொன்ன இடத்தில் கொண்டுபோய் வைப்பது அதன் வேலை. கர்னல் பயனரின் அட்டவணையை மென்பொருளாலேயே இறங்கிப் பார்த்து, உண்மை முகவரியைக் கண்டுபிடித்து, தன் சொந்த வரைவின் வழியாக எழுதுகிறது. பயனரின் பதிவில் உள்ள எழுத்துக் கொடியை வன்பொருள் இங்கே பார்ப்பதே இல்லை. பழைய ‘காப்பிஅவுட்’ செல்லும் முத்திரையையும் பயனர் கொடியையும் மட்டும் சோதித்தது. எழுத்துக் கொடியைக் கேட்கவில்லை. ஆகவே ஒரு பயனர், எழுதக் கூடாத தன் நிரல் பக்கத்தின் முகவரியைக் கொடுத்து ‘இதில் படித்துப் போடு’ என்றால் கர்னல் போட்டுவிடும். பிற்காலத்தில் அந்தச் சோதனையைச் சேர்த்துவிட்டார்கள்.

எழுதும்போது நகலெடுக்கும் முறையை எக்ஸ்.வி.6இல் சேர்க்கும் பயிற்சியில் மாணவர்கள் விழும் குழியும் இதுவே. ஃபோர்க் நேரத்தில் பெற்றோர், பிள்ளை இருவர் பதிவிலும் எழுத்துக் கொடியை எடுத்துவிடுவார்கள். பயனர் எழுதினால் ஃபால்ட் வரும், அப்போது நகலெடுப்பார்கள். கர்னலே ‘காப்பிஅவுட்’ வழியாக எழுதினால் ஃபால்ட் வராது. பிள்ளை படித்த தரவு பெற்றோரின் பக்கத்திலும் விழுந்துவிடும்.

இது கல்லூரிக் கர்னலின் குறை என்று ஒதுக்கிவிட வேண்டாம். லினக்ஸில் 2016 அக்டோபரில் வெளிப்பட்ட ‘டர்ட்டி கவ்’ பிழையின் குடும்பமும் இதுதான். பயனர் சார்பில் கர்னல் பக்கத்தைப் பிடிக்கும் பாதையில், நகலெடுத்ததற்கும் எழுதுவதற்கும் இடையே உள்ள சந்தில் இன்னொரு இழை புகுந்து நகலைத் தூக்கி எறிந்துவிட முடிந்தது. எழுத்து மூலப் பக்கத்திலேயே விழுந்தது. 2007இல் வந்த பதிப்பிலிருந்து ஒன்பது ஆண்டுகள் எத்தனையோ தேர்ந்த கண்களுக்குத் தப்பி அது உள்ளே கிடந்தது.

மூன்றாம் வாசிப்பு: பழைய நகல் யார் கையில்?

இந்த அத்தியாயத்தின் உயிர் இங்கே இருக்கிறது. மற்ற பகுதிகளை வேகமாகப் படித்திருந்தாலும் இங்கே நின்று படியுங்கள்.

வட்டாட்சியர் அலுவலகப் பதிவேட்டில் பட்டா மாறிவிட்டது. பழைய உரிமையாளர் பையில் போன வருட நகல் இருக்கிறது. அதைக் காட்டி அவர் எங்கோ கடன் வாங்கப் பார்க்கிறார். பதிவேடு சரியாகத்தான் இருக்கிறது. நகலைத் திரும்ப வாங்காததுதான் கோளாறு. டி.எல்.பி. என்பது ஒவ்வொரு கோரும் தன் பையில் வைத்திருக்கும் அந்த நகல். நினைவகத்தில் இருக்கும் பதிவை நீங்கள் திருத்தினால் அது தானாக மாறாது. ரிஸ்க்-ஃபைவில் ‘எஸ்ஃபென்ஸ் விஎம்ஏ’ என்ற கட்டளை கொடுத்தால்தான் நகல் செல்லாமல் போகும். அதுவும் அந்தக் கட்டளையை ஓட்டிய கோரின் நகல் மட்டும். மற்ற கோர்களுக்குக் குறுக்கீடு அனுப்பி, அவற்றையும் அதே கட்டளையை ஓட்டச் சொல்லி, முடித்துவிட்டன என்று தெரியும்வரை காத்திருக்க வேண்டும்.

இப்படிப்பட்ட பேட்சைச் சரிபார்க்கும்போது வழக்கமாக நடக்கும் உரையாடல் இது:

“ஓடுதே அண்ணே, யூசர்டெஸ்ட்ஸ் எல்லாம் பாஸ். இன்னும் என்ன பார்க்கணும்?”

“எத்தனை கோர் போட்டு ஓட்டினே தம்பி?”

“ஜிடிபி வச்சு பார்த்தேன்ல, அதான் ஒண்ணு.”

எக்ஸ்.வி.6 இயல்பாக மூன்று கோரில் ஓடும். பிழை தேட வசதியாக ஒன்றாகக் குறைத்துவிட்டு, திரும்ப மூன்றாக்க மறந்துபோவார்கள். ஒரு கோரில் ஓடியதைச் சோதனை என்றே கணக்கில் எடுக்காதீர்கள்.

இனி ஒரு நுணுக்கம். எக்ஸ்.வி.6இன் ‘யுவிஎம்அன்மேப்’ பயனர் பக்கத்தை அட்டவணையிலிருந்து நீக்கி, நினைவகத்தையும் விடுவிக்கிறது. அதில் நகலை அழிக்கும் கட்டளை ஒன்றுகூட இல்லை. பிழையா? இல்லை. கர்னலுக்குள் இருக்கும்போது பயனரின் அட்டவணை பயன்பாட்டில் இல்லை. பயனருக்குத் திரும்பும் வாசலான ‘டிராம்போலின்’ நிரல், அட்டவணையை மாற்றும்போது நகலை மொத்தமாக அழித்துவிடுகிறது. தவிர, எக்ஸ்.வி.6இல் ஒரு பிராசஸுக்கு ஒரே இழை. அதே அட்டவணையை வேறொரு கோர் அந்த நேரத்தில் பயன்படுத்த வழியில்லை. ஆக, இந்த நிரல் சரியாக இருப்பது அதன் சொந்த வரிகளால் இல்லை, வேறு கோப்பில் இருக்கும் இரண்டு ஏற்பாடுகளால். நாளைக்கே ஒருவர் எக்ஸ்.வி.6இல் இழைகளைச் சேர்த்தால், ‘யுவிஎம்அன்மேப்’பில் ஒரு எழுத்துகூட மாறாமல் அது பிழையான நிரலாகிவிடும். கருத்து எழுதும்போது இப்படிப்பட்ட சார்புகளைக் கட்டாயம் எழுதி வையுங்கள்.

பெரிய கர்னலில் கேள்வி வரிசையைப் பற்றியது. பதிவை நீக்குவது, எல்லா கோரின் நகலையும் அழிப்பது, பிறகு பக்கத்தை விடுவிப்பது: இந்த மூன்றும் இந்த வரிசையில்தான் நடக்க வேண்டும். விடுவித்த பிறகு அழித்தால், இடைப்பட்ட நேரத்தில் அந்தப் பக்கம் வேறொரு பிராசஸுக்குப் போயிருக்கும். பழைய நகல் வைத்திருப்பவர் அவர் வீட்டுக்குள் எழுதிக்கொண்டிருப்பார். லினக்ஸில் இந்த வரிசையைக் காப்பதற்கென்றே ‘எம்எம்யு கேதர்’ என்ற ஏற்பாடு இருக்கிறது. விடுவிக்க வேண்டிய பக்கங்களைச் சேர்த்து வைத்துக்கொண்டு, நகல்களை அழித்த பிறகே கைவிடும். அந்தப் பகுதிக்குப் பொறுப்பாளர்கள் பட்டியலில் இந்தியரான அனீஷ் குமாரின் பெயரும் இடம்பெற்றது.

வரிசை சரியாக இருந்தும் பூட்டு தப்பானால் என்ன ஆகும் என்பதற்கு 2018இல் கூகுள் ப்ராஜெக்ட் ஜீரோவின் யான் ஹார்ன் கண்டுபிடித்த எம்ரீமேப் பிழையைப் படியுங்கள். எம்ரீமேப் ஒரு பகுதியின் பதிவுகளைப் பழைய முகவரியிலிருந்து புதிய முகவரிக்கு நகர்த்துகிறது. அட்டவணையின் பூட்டைப் பிடித்து நகர்த்தி, பூட்டை விட்டு, அதன்பின் நகலை அழித்தது. அந்தச் சின்னச் சந்தில் இன்னொரு இழை அதே கோப்பைச் சுருக்குகிறது. கர்னல் பக்கத்தைத் தேடினால் புதிய முகவரியில் இருக்கிறது. அங்கிருந்து நீக்கி, புதிய முகவரிக்கான நகலை அழித்து, பக்கத்தை விடுவித்துவிடுகிறது. பழைய முகவரியின் நகல் ஏதோ ஒரு கோரில் இன்னும் உயிரோடு இருக்கிறது. ஒவ்வொரு செயற்கூறையும் தனித்தனியே படித்தால் குற்றம் சொல்ல முடியாது. திருத்தம், பூட்டை விடுவதற்கு முன்பே நகலை அழிப்பது.

இதிலிருந்து கைக்கு ஒரு வழக்கம் எடுத்துக்கொள்ளலாம். பேட்சில் பூட்டை விடும் வரியைக் கண்டதும் அங்கே பென்சிலை நிறுத்துங்கள். அந்த வரிக்குப் பின் நகல் அழிப்போ, பக்க விடுவிப்போ இருந்தால், அந்தச் சந்தில் நுழையக்கூடிய பாதைகளை எழுதுங்கள்: பக்கத்தை நீக்குவது, கோப்பைச் சுருக்குவது, ஃபோர்க், ஸ்வாப், ஃபால்ட். ஒவ்வொன்றாக நடத்திப் பாருங்கள். நேரம் பிடிக்கும். குறுக்குவழி எனக்குத் தெரிந்து இல்லை.

பாவனை எந்திரம் மறைக்கும் பிழைகள்

கியூஎமு நல்ல பிள்ளை. நமக்கு வேண்டியதைவிட நல்ல பிள்ளை. ரிஸ்க்-ஃபைவ் விதிப்படி அட்டவணையின் வேர் முகவரியை வைத்திருக்கும் ‘எஸ்ஏடிபி’ பதிவகத்தை மாற்றுவதால் மட்டும் நகல்கள் அழிந்துவிடாது. கியூஎமுவோ அதை மாற்றும்போதே தன் டி.எல்.பி.யைக் காலி செய்துவிடும். அழிக்கும் கட்டளையை மறந்த நிரலும் அங்கே பழுதில்லாமல் ஓடும். இப்போதைய எக்ஸ்.வி.6இல் அந்தப் பதிவகத்தில் எழுதுவதற்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு அழிப்புக் கட்டளை இருப்பதைப் பாருங்கள். முன்னது, அட்டவணையில் எழுதியவை போய்ச் சேர்ந்துவிட்டன என்று உறுதி செய்ய. பின்னது, பழைய நகலைக் கழிக்க. ‘ஒன்று மிகை’ என்று நீக்கும் பேட்ச் வந்தால் ஏற்காதீர்கள்.

அதேபோல் ‘தொடப்பட்டது’, ‘எழுதப்பட்டது’ என்ற இரண்டு கொடிகள். கியூஎமு இயல்பாகவே அவற்றைத் தானே போட்டுக்கொள்ளும். ஆனால் கொடி இல்லாவிட்டால் ஃபால்ட் எழுப்பி மென்பொருளையே போடச் சொல்லவும் செயலிக்கு விதி இடம் கொடுக்கிறது; அப்படிச் செய்யும் சில்லுகள் சந்தையில் உண்டு. அந்தக் கொடிகளைத் தொடாமல் பக்கம் வரையும் கர்னல், பலகையில் ஏற்றிய கணமே முதல் கட்டளையில் நின்றுவிடும். இன்னொன்று: செல்லாத பதிவையும் செயலி நகலெடுத்து வைத்துக்கொள்ளலாம் என்று ரிஸ்க்-ஃபைவ் அனுமதிக்கிறது. ஆகவே இல்லாத இடத்தில் புதிதாகப் பக்கம் வரைந்தாலும் அழிப்புக் கட்டளை தேவைப்படலாம். இன்டெல் பழக்கத்தில் எழுதியவர்கள் இதை எதிர்பார்க்கவே மாட்டார்கள்.

பலகையில் சோதிக்க வசதியுள்ளவர்கள், சக்தி குழுவின் ‘சி’ வகுப்பு ‘வஜ்ரா’வை ஆர்ட்டி ஏ7 100டி எஃப்.பி.ஜி.ஏ. பலகையில் ஏற்றி ஓட்டலாம். ‘பினாகா’ வேண்டாம், அது ‘இ’ வகுப்பு, அதில் பக்க அட்டவணைக்கே வேலையில்லை. கல்லூரி ஆய்வகத்தில் பலகை வாங்கச் சொல்லிக் கேட்கும்போது இந்த வேறுபாட்டை எழுதியே கொடுங்கள்.

லினக்ஸில் வேலை செய்கிறவர்களுக்குக் கருவிகள் கூடுதலாக உண்டு: தவறான நினைவகத் தொடுகையைப் பிடிக்கும் கேசன், பூட்டு வரிசையைப் பார்க்கும் லாக்டெப், அட்டவணைப் பதிவுகளின் முரணைக் கவனிக்கும் பேஜ் டேபிள் செக். மூன்றையும் இயக்கி ஓட்டிய பிறகே படிக்க உட்காருங்கள். கருவி பிடிக்கக்கூடியதைத் தேடிக் கண்ணைக் கெடுத்துக்கொள்வானேன்?

கருத்தை எழுதும் விதம்

“இது சரியில்லை” என்று எழுதினால் எழுதியவருக்கு ஒன்றும் விளங்காது. இரண்டு கோரைப் பக்கம் பக்கமாகப் போட்டு, எது முதலில், எது பின்னால் என்று வரிசையாக எழுதுங்கள். “கோர் 0 பதிவை நீக்கிப் பூட்டை விடுகிறது, கோர் 1 அதே பக்கத்தை விடுவிக்கிறது, கோர் 0 இன்னும் நகலை அழிக்கவில்லை, இங்கே கோர் 2 எழுதினால் எங்கே போகும்?” என்று கேட்டால், பெரும்பாலும் பதிலாகத் திருத்திய பேட்சே வந்துவிடும். உங்கள் சந்தேகம் தவறாக இருந்தாலும் நஷ்டமில்லை. ஏன் அது நடக்காது என்ற விளக்கம் நிரலில் ஒரு குறிப்பாக ஏறும்.

புரியாததைப் புரியவில்லை என்று எழுதத் தயங்காதீர்கள். ஊர்ப்பக்கக் கல்லூரி, ஆங்கிலம் சரளமில்லை என்ற கூச்சத்தில் நல்ல கேள்விகளை விழுங்கிவிடும் பிள்ளைகளை நிறையப் பார்க்க முடிகிறது. கர்னல் உலகத்தில் நிகழ்வு வரிசை சரியாக இருந்தால் இலக்கணப் பிழையை யாரும் பொருட்படுத்துவதில்லை.

கடைசியாக ஒரு வேண்டுகோள். லினக்ஸில் ‘ரிவ்யூட்-பை’ என்று பெயர் போடுவதற்கு எழுத்துப்பூர்வமான பொருள் வகுத்திருக்கிறார்கள்: நிரலைத் தொழில்நுட்ப ரீதியாக ஆராய்ந்தேன், என் கேள்விகளுக்குத் திருப்தியான பதில் வந்தது, சேர்க்கத் தகுந்தது என்று கருதுகிறேன் என்று அர்த்தம். ஓட்டி மட்டும் பார்த்தவருக்கு ‘டெஸ்டட்-பை’ இருக்கிறது. முதல் இரண்டு வாசிப்போடு நிறுத்திக்கொண்டால், எல்லைகளையும் அனுமதிகளையும் மட்டும் பார்த்தேன், நகல் அழிப்பைப் பார்க்கவில்லை என்று கருத்திலேயே எழுதிவிட்டு, பெயர் போடாமல் விடுங்கள். மூன்றாம் வாசிப்பை வேறொருவர் செய்ய வேண்டும் என்பது பராமரிப்பாளருக்குத் தெரிந்துவிடும்.